இலையா, பூச்சியா?

கேள்வி: செம்பருத்திக் கிளையில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருக்கிறது. மாவுப்பூச்சி என்று தொட்டால் துள்ளிவிடுகிறது. பக்கத்திலேயே இளம்பச்சை இலைபோல ஒரு பூச்சி. இரண்டும் ஒன்றா? மருந்து அடிக்கலாமா?
– வாசகி, தேனி

பதில்: ஒன்றுதான். இது ஃபிளாட்டிடே குடும்பத்துத் தத்துப்பூச்சி. நெல்லைத் தாக்கும் புகையானுக்கு உறவு. வெள்ளையாக இருப்பது குஞ்சு, பச்சையாக இருப்பது வளர்ந்த பூச்சி. அகன்ற முன்சிறகுகள் இரண்டையும் கூரைபோலச் சாய்த்து முதுகின்மேல் சேர்த்துக்கொள்வதால் பக்கவாட்டில் பார்த்தால் இலை. மேலிருந்து பாருங்கள், ஆப்புபோல ஒடுங்கித் தெரியும். இலைக்கு நடுநரம்பும் காம்பும் இருக்கும். சிறகில் இரண்டும் இல்லை, வலைபோன்ற நரம்புகள்தான்.

குஞ்சின் வயிற்று நுனியிலிருந்து சுரக்கும் மெழுகுதான் அந்தப் பஞ்சு. எதிரி கவ்வினால் மெழுகிழைதான் வாயில் சிக்கும். குஞ்சு துள்ளித் தப்பிவிடும். மாவுப்பூச்சி துள்ளாது. பென்சில் முனையால் மெல்லத் தொட்டாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

இவை இளந்தண்டில் சாறு உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டுகின்றன. அதற்கு எறும்பு வரும். இலையில் கரும்பூஞ்சாணம் படரும். ஏழெட்டுப் பூச்சிக்காக மருந்தைத் தொட வேண்டாம். அது இவற்றைத் தின்னும் உயிர்களையும் சேர்த்தே கொன்றுவிடும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சினால் குஞ்சுகள் உதிரும். கூட்டம் பெருகினால் மட்டும் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் நீரில் கலக்காது. மெழுகின்மேல் கரைசலும் ஒட்டாமல் உருண்டோடும். சோப்பு கூடினால் இலை கருகும் என்பதால் முதலில் ஒரு கிளையில் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

எதிரி உயிர்களின் அருமைக்கு இத்தாலியே சாட்சி. வட அமெரிக்காவின் மெட்கால்ஃபா புருய்னோசா என்ற தத்துப்பூச்சி 1979-இல் அங்கே தென்பட்டு, பழத்தோட்டங்களில் பரவியது. அதைக் கட்டுப்படுத்த, அதன் தாயகத்திலிருந்தே நியோட்ரைனஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். பெண்குளவி இடுக்கிபோன்ற முன்காலால் குஞ்சைப் பிடித்து அதன்மேல் முட்டையிடும். புழு குஞ்சைத் தின்று வளரும்.

கேள்வி: இலைபோல மட்டுமல்ல, பூப்போலவும் தத்துப்பூச்சி உண்டாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. மடகாஸ்கரில் ஃபிளாட்டிடா ரோசியா என்ற இளஞ்சிவப்புப் பூச்சிகள் கொடித்தண்டில் நெருக்கமாக வரிசைகட்டி அமரும். பூங்கொத்து என்றே தோன்றும். குஞ்சுகளோ வெள்ளை மெழுகு இறகுகளோடு திரியும். கிளையை அசைத்தால் பூவெல்லாம் பறந்துவிடும்.