நோய் எதிர்ப்பு சக்திக்கு, கட்டுப்படியாகும் விலையில் நல்ல வே புரோட்டீன் எப்படிப் பார்த்து வாங்குவது? (நாகர்கோவில்)

வே என்பது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி. டப்பாவின் முன்பக்க விளம்பரத்தை விடுங்க, பின்பக்க அட்டவணையைப் பாருங்க. 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் சுமார் 73 சதவீதம். கான்சென்ட்ரேட் எனும் சாதாரண வகைக்கு அது நல்ல அளவுதான். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் மட்டும், பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய ஐசோலேட் வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். சேர்மானத்தில் கிளைசின், டாரின் என்ற அமினோ அமிலங்கள் தனியாக இருந்தால் தவிர்த்துவிடுங்க. புரதக் கணக்கை ஏற்றிக் காட்ட அப்படிச் சேர்ப்பதுண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க உரிம எண்ணும் இருக்கணும். விலையை மொத்தப் புரத கிராமால் வகுத்து ஒப்பிடுங்க.

புரதம் குறைந்தால் எதிர்ப்பு சக்தி தளரும், உண்மை. அதற்காகப் பொடி குடித்தால் சளியே பிடிக்காது என்றில்லை. 100 கிராம் சாளை (மத்தி) மீனிலேயே ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. தினம் குளச்சல் மீன் வாங்கிக் குழம்பு வைக்கிற வீட்டுக்குப் பொடி எதற்கு? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.