பாறைநிலப் படங்கள்: நில அளவையாளரின் பதில்கள்

இம்மாதக் கடிதங்களில் பாதி, அமெரிக்கப் பாலைநிலத்தைக் காணப் புறப்படும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தவருடையவை.

கே: நம் 1:50,000 அளவுத்திட்ட நிலப்படத்தில் பழகியவனுக்கு அமெரிக்கப் படம் புரியுமா? (டொங்காட்)

ப: புரியும். அங்கே 1:24,000 படமே வழக்கம். நம் படத்தில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. அங்கே பல தாள்களில் 40 அடிக்கு, அதாவது சுமார் 12 மீட்டருக்கு ஒன்று. தாளின் ஓரத்தை வாசியுங்கள்.

கே: இங்கே சரிசெய்த திசைகாட்டியை அங்கும் அப்படியே பயன்படுத்தலாமா? (ஃபீனிக்ஸ், நம்முடையது, அரிசோனாவினுடையது அன்று)

ப: கூடாது. டர்பனில் காந்த வடக்கு மேற்கே 25 பாகை அளவில் விலகியிருக்கிறது. வட அரிசோனாவில் கிழக்கே 10 பாகை. இந்த 35 பாகைப் பிழையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

கே: இலவச உயரத் தரவைக் கொண்டு, அரிசோனா-யூட்டா எல்லையிலுள்ள மாண்யுமென்ட் வேலியின் படத்தைக் கணினியில் வரைந்தேன். செங்குத்துக் குன்றுகள் மண்மேடுகளாகத் தெரிகின்றன. ஏன்? (சாட்ஸ்வர்த்)

ப: எந்தத் தரவு என்று எழுதாமலே விளக்கம் கேட்கிறீர்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த தரவு என்று வைத்துக்கொள்கிறேன். அதில் ஏறத்தாழ 30 மீட்டர்ச் சதுரத்திற்கு ஓர் உயரம்தான் உண்டு. ஆகவே டோட்டம் போல் என்னும் மெல்லிய தூண், 115 மீட்டர் உயர்ந்து நின்றும், அந்தச் சதுரத்திற்குள் கரைந்துபோகிறது. சாய்வாகப் பார்க்கும் ரேடாருக்குச் சுவரின் மறுபுறம் நிழலாகிவிடுவதால், அங்கே விழுந்த வெற்றிடங்களைப் பின்னர் வேறு தரவாலும் மதிப்பீட்டாலும் நிரப்பினார்கள். இப்படிக் கிடைத்ததைக் கணினி வழவழப்பாக்கித் தரும்போது, அதை நிலமென்றே நம்பிவிடுவதுதான் என் நெடுநாள் மனக்குறை. அந்தக் குன்றுகளில் மேலே கடினமான மணற்கல் சுவராக நிற்கும். கீழே மென்மையான களிப்பாறை சரிவாக இறங்கும். இரண்டும் பிரியும் விளிம்பைக் காட்டாத படத்தால் நடப்பவருக்குப் பயனில்லை. 1902இல் கிராண்ட் கேன்யனை அளக்கத் தொடங்கிய ஃபிரான்சுவா மத்தேஸ், அளவைப் பலகையை விளிம்பில் நிறுத்தி, பாறையைக் கண்ணால் பார்த்தபடியே 50 அடிக் கோடுகளை வரைந்தார். அச்சுப் படத்திலும் 150 மீட்டர்ச் சுவரில் 12 கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் என்பது உண்மையே. ஆனால் அந்த நெருக்கத்தைக் கண்டதும் அது சுவரென்று உங்களுக்குத் தெரியும், உங்கள் கணினிப் படமோ அங்கே ஏறிவிடலாம் என்கிறது. தரவைப் பயன்படுத்துங்கள், ஆனால் அச்சுத் தாளோடு ஒப்பிடாமல் கால் வைக்காதீர்கள்.

கே: தாத்தா வைத்திருந்த செடர்பெர்க் மலைப் படத்தில் ஜிபிஎஸ் 300 மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: 1999க்கு முந்தைய தாள் கேப் டேட்டம் என்னும் பழைய அளவை அடிப்படையில் அமைந்தது, ஜிபிஎஸ் வழக்கமாக வேறோர் அடிப்படையில் இடத்தைக் காட்டும். மறுபடியும் சொல்கிறேன், ஓரத்தை வாசியுங்கள்.

கே: ஃபிஷ் ரிவர் கேன்யனுக்கு நம் நாட்டுத் தாள் எண் என்ன? (வெருலம்)

ப: அது நமீபியாவில் இருக்கிறது. விண்ட்ஹூக்கில் கேளுங்கள்.