சிரிச்சிட்டே இருக்குற பிரண்டு: கேளுங்க, சொல்றேன்

கம்பத்துக்காரி நான். மனநல வார்டுல 19 வருஷமா நர்ஸ். வெளிய சிரிச்சிட்டு உள்ள சோகத்துல இருக்குற பிரண்ட எப்டி கண்டுக்குறது, எப்டி பேசுறதுனு கேளுங்க. டாக்டர் இல்ல, அதனால மாத்திரை பேரு கேக்காதீங்க.

கேள்வி (கூடலூர்): அக்கா, ஏலத்தோட்டத்துக்குப் போற எங்க ஜீப்புல ஒருத்தி வர்றா, கம்பம்மெட்டு ஏறி எறங்குற வரைக்கும் அவ வாயிதான் கேக்கும். ரெண்டு வாரமா சோத்து டப்பாவ தொறக்காமயே திரும்பக் கொண்டு போறா. கேட்டா "டயட்டுடி"ங்கறா. நான் சும்மா பயப்படுறேனா?

பதில்: சும்மா இல்ல. எல்லாரும் அவ வாயப் பாத்துட்டு இருக்கையில நீங்க டப்பாவ பாத்துருக்கீங்க. சிரிக்கிறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சோகத்துலயும் மனுசன் ஜோக்குக்கு சிரிப்பான், நல்ல சேதி வந்தா கொஞ்ச நேரம் தெளிவாக்கூட ஆவான். முன்னாடி அவ எப்டி இருந்தா, இப்ப என்ன மாறிருக்குனு பாருங்க: சாப்பாடு, தூக்கம், குளிச்சு தல சீவுறது, சீட்டுப் பணம் கட்டுறது, போன் எடுக்குறது. ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்துச்சுன்னா டாக்டருங்களும் அத கணக்குல எடுப்பாங்க.

ஜீப்புல வச்சு மட்டும் கேட்டுராதீங்க. 12 பேருக்கு முன்னாடி "ஏன்டி ஒரு மாதிரி இருக்க"ன்னா இன்னொரு ஜோக்குதான் வரும். எறங்கி வீட்டுக்கு நடக்கையில, ரெண்டு பேரு மட்டும் இருக்கப்ப, "ரெண்டு வாரமா நீ சோறு திங்காம கொண்டு போறத பாக்குறேன்டி"னு பாத்தத மட்டும் சொல்லிட்டு வாய மூடிருங்க. அந்த அமைதி கஷ்டமாத்தான் இருக்கும், "எல்லாம் சரியாயிரும்"னு நடுவுல பூந்துராதீங்க.

கேள்வி: ஸ்மைலிங் டிப்ரஷன், அதான் வெளிய சிரிப்பு உள்ள சோகம்ங்கறாங்களே, அதுக்கு டெஸ்ட் லிங்க் இருக்கா?

பதில்: அப்டி ஒரு நோய்ப்பேர டாக்டர் சீட்டுல எழுத மாட்டாரு. லிங்க் வேணாம், ஆளப் பாருங்க.

கேள்வி: கண்ணு சுருங்காம சிரிச்சா பொய்ச் சிரிப்புனு சொல்றாங்களே?

பதில்: 1862லயே டுஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதுனது அது. ஆனா பழகுனவங்க கண்ணையும் சுருக்கிருவாங்க. பிரண்டு மூஞ்சிய லென்ஸ் வச்சு பாக்காதீங்க.

கேள்வி (போடி): ஆம்பளப் பயலுக சும்மா கேட்டா சொல்ல மாட்டாய்ங்கக்கா. ஒரு குவார்ட்டர் உள்ள போனா தன்னால கக்கிருவாய்ங்க.

பதில்: கக்குவான் தம்பி, காலைல கூச்சப்பட்டு உங்க பக்கமே வர மாட்டான். சாராயம் தூக்கத்த கெடுக்கும், சோகத்த இன்னும் கீழ இழுக்கும், "வேணாம்"னு தடுக்குற புத்தியவும் அவுத்து விட்டுரும்.

போடி: எங்கப்பா ஆயுசுக்கும் ஒரு தடவதான் அழுதாரு, அதுவும் போதையிலதான்.

பதில்: சரி, மறுநாள் யாராச்சும் அதப்பத்தி அவர்கிட்ட பேசுனீங்களா?

கேள்வி (உத்தமபாளையம்): போடி அண்ணன் சொல்றது கரெக்ட்.

பதில்: ரெண்டு பேரும் சேந்து கடைய தொறந்துராதீங்க. மூஞ்சிக்கு நேரா உக்காந்து கேட்டாத்தான் ஆம்பளைங்க மெரளுவாங்க. வண்டி கழுவையில, தோட்டத்துக்கு தண்ணி கட்டையில கேளுங்க, கை வேலை பாக்கும், வாய் பேசும்.

கேள்வி: ரூம்மேட் சிரிச்சிட்டே இருக்கான், எப்டி கண்டுபிடிக்க?

பதில்: மொதப் பதில படிங்க.

கேள்வி: எங்கம்மாவுக்கு சுகர் 240...

பதில்: அது பொது வார்டு. ஓபிக்கு கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: பிரண்டு எப்பவும் கலகலன்னு இருக்கா, உள்ள சோகமா?

பதில்: மொதப் பதில்! தனியா கேளுங்க, கூட்டத்துல கேக்காதீங்க.

கேள்வி (வண்டன்மேடு, கேரளா): மாசக்கணக்கா வாடிக் கெடந்தவன் திடீர்னு தெளிவாயிட்டான். பைக்க தம்பி பேருக்கு மாத்திட்டான், கடனெல்லாம் அடைச்சிட்டான். சந்தோசப்படுறதா?

பதில்: இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. சாகணும்னு முடிவெடுத்தவங்களும் இப்டி கணக்க முடிச்சிட்டு தெளிவா தெரியலாம். "சாகணும்னு நெனப்பு வருதா"னு நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் வராது. ஆமான்னா தனியா விடாதீங்க, பூச்சிமருந்து, மாத்திரைய கைக்கு எட்டாம வைங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், 24 மணி நேரமும் இலவசம், கேரளாவுலருந்தும் அடிக்கலாம், தமிழும் உண்டு. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க.

போடி: அக்கா, அப்ப டீ வாங்கிக் குடுத்தா?

பதில்: குடுங்க, வடையும் சேத்து. கூட்டமில்லாத கடையா பாருங்க.