பறவைப் படங்களுக்கு எந்த மிரர்லெஸ் கேமராவின் ஆட்டோஃபோகஸ் சிறந்தது?

சோனி, கேனான், நிக்கான் ஆகிய மூன்றில் எதன் பறவைக்கண் கண்டறிதல் (பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கும் வசதி) முந்தி நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் பழைய டிஎஸ்எல்ஆர் (மிரர்லெஸ் போலன்றி உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) ஒன்று இருக்கிறது, யூடியூப் ஒப்பீடுகளைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த ஒப்பீடுகள்மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. குளத்தில் நிதானமாக நீந்தும் வாத்தின் கண்ணிலும், வெறும் வானத்தில் பறக்கும் கடற்காகத்தின் தலையிலும் ஃபோகஸைக் காட்டும் சிறு கட்டம் ஒட்டிக்கொள்வதைக் காட்டிவிட்டு, இந்தக் கேமராதான் சிறந்தது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 2021-க்குப் பிறகு வந்த, ஓரளவு விலையுள்ள மிரர்லெஸ் கேமரா எதுவும் அந்தத் தேர்வில் தோற்பதில்லை. நம் ஊர்ப் பறவையோ கோரைக்குள் இருக்கிறது, அல்லது கருவேல முள்ளுக்குப் பின்னால் இருக்கிறது.

நிக்கானின் டி500 டிஎஸ்எல்ஆரில் பல ஆண்டுகள் எடுத்துவிட்டு அவர்களின் மிரர்லெஸ்ஸான இசட்8-க்கு மாறியவன் நான். நிக்கான் பக்கம் சாய்கிறேன் என்று சொல்ல வருபவர்கள், கீழே நிக்கானைக் குறைகூறும் இடங்களையும் படித்துவிட்டு வரலாம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய ரேடியல் சாலை ஓரத்தில் மூவர் நின்றிருந்தோம். நண்பரிடம் சோனி ஏ7 மார்க் 4, 200-600 லென்ஸ்; அலுவலகத் தோழரிடம் கேனான் ஆர்7, 100-500 லென்ஸ்; என்னிடம் இசட்8, 180-600 லென்ஸ். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரை நுனிகளை உரசுவது போலத் தாழப் பறந்துகொண்டிருந்தது. அது வானத்துக்கு எழுந்தபோதெல்லாம் மூன்று கேமராக்களும் உடனே பற்றிக்கொண்டன. தாழ்ந்து கோரைக்குப் பின்னால் போனதும் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன. ஆர்7 பறவையை விட்டுவிட்டு முன்னாலிருந்த கோரைத் தாளுக்குத் தாவியது; திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டது. ஏ7 மார்க் 4 ஒருமுறை பிடித்தபின் எளிதில் விடவில்லை, ஆனால் முதலில் பிடிப்பதற்குத் தயங்கியது. என் இசட்8-இல் 3டி டிராக்கிங் (பிடித்த பொருளைத் திரையெங்கும் தொடரும் முறை) வைத்திருந்தேன். அந்த முறை நிறத்தையும் நம்பி இயங்குவதால், பழுப்புப் பருந்திலிருந்து பழுப்புக் கோரைக்கு நழுவியது. கட்டத்துக்குள் மட்டும் தேடும் வைட் ஏரியா முறையில் அந்தக் கட்டத்தைச் சிறிதாக்கி, பறவைக் கண்டறிதலையும் சேர்த்து வைத்த பிறகே ஒழுங்காக வந்தது. (இசட்8-இல் பறவைக்கெனத் தனித் தெரிவு, 2024 பிப்ரவரியில் வந்த ஃபர்ம்வேரில் (கேமராவின் உள்மென்பொருள்) தான் கிடைத்தது. கேமரா சந்தைக்கு வந்தது 2023 மே மாதத்தில். அதுவரை பறவையை ‘விலங்கு’ என்ற பொதுப் பிரிவிலேயே அடைத்து வைத்திருந்தார்கள்.)

இதற்குக் காரணம் உண்டு. மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் கணக்கை, படத்தைப் பதியும் சென்சாரில் உள்ள பிக்சல்களே போடுகின்றன. இந்த மூன்றிலும் அந்தப் பிக்சல்கள் இடம்-வலமாக வரும் ஒளியை ஒப்பிட்டுப் பார்ப்பவை. ஆகவே, கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்திருக்கும்போது செங்குத்தான கோடுகள் அவற்றுக்குத் தெளிவாகத் தெரியும். படுக்கைக் கோடுகள் அவ்வளவு தெரியா. கோரைத் தாள்களோ வரிசையாகச் செங்குத்தாக நிற்பவை. கேமராவுக்கு வலுவான சமிக்ஞை அங்கிருந்துதான் வருகிறது. கண்டறியும் மென்பொருள் ‘இதோ பறவை’ என்று இடத்தைச் சொல்லலாம். அந்த இடத்துக்குள்ளேயே இரண்டு கோரைகளும் நின்றால் எதன் தூரத்தை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 கேமராவில் பிக்சல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒப்பிடுகின்றன. சிறிய சென்சார் என்று அதை ஒதுக்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது சென்சாரிலிருந்து தகவலைப் படிக்கும் வேகம். ஒப்பீடுகளில் அரை நிமிடத்தில் கடந்துபோகும் இந்தச் செய்திதான் விலை வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகிறது. ஆர்7 எலக்ட்ரானிக் ஷட்டரில் (சென்சாரே வரிவரியாகப் படிக்கும் முறை) ஒரு படத்தைப் படித்து முடிக்கச் சுமார் 30 மில்லிநொடி ஆகிறது; இசட்8, சோனி ஏ1 போன்ற, வேகமாகப் படிக்கவென நினைவகத்தையும் சேர்த்து அடுக்கிய சென்சார் உள்ள கேமராக்களுக்குச் சுமார் 4 மில்லிநொடி போதும். வேகமாகப் படிப்பதால் ஏ1 நொடிக்கு 120 முறை ஃபோகஸ் கணக்கைப் போட முடிகிறது. வ்யூஃபைண்டரும் இருண்டு போகாமல் இருப்பதால் பறவையைத் தொடர நம் கண்ணுக்கும் எளிது. தோழரின் ஆர்7-இல் நொடிக்கு 30 படம் கிடைத்தது உண்மை. ஆனால் படித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிட்டதால், சிறகடித்த மீன்கொத்தியின் இறக்கை வளைந்து போயிருந்தது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் நொடிக்கு 15 படம் வரும், இறக்கை வளையாது. இதைச் சொன்னதற்காகக் கேனான் அன்பர்கள் என்மேல் பாய வேண்டாம். அதே கேமராவில் ஷட்டரை அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே ரா கோப்பாக (சென்சாரின் முழுத் தகவலோடு) சேமிக்கும் வசதி உள்ளது. அதைவிட அதிக விலை கொடுத்த என் இசட்8, அழுத்துவதற்கு முந்தைய படங்களை ஜேபெக்காக மட்டுமே தருகிறது.

சரி, முதல் பிடிப்புக்கு வருகிறேன். லென்ஸ் ஃபோகஸ் வெகுதூரம் விலகி நிற்கும்போது பறவை வெறும் கறையாகத் தெரியும். கறையில் கண்ணைத் தேடச் சொன்னால் எந்த நிறுவனத்தின் மென்பொருளும் தேடாது. எனவே பறவை இருக்கும் தூரத்திலேயே ஒரு வரப்பையோ கட்டையையோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்திருங்கள். லென்ஸில் உள்ள ஃபோகஸ் வரம்பு விசையையும் பயன்படுத்துங்கள். சோனி 200-600-இல் 10 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று வைக்கலாம், நிக்கான் 180-600-இல் 6 மீட்டர், கேனான் 100-500-இல் 3 மீட்டர். பின்பக்கப் பொத்தான் ஒன்றில் சிறு கட்டத்தையும் இன்னொன்றில் அகன்ற டிராக்கிங்கையும் வைத்துக்கொண்டு, முதலில் சிறு கட்டத்தால் பிடித்துப் பின் அகன்றதற்கு மாறினால், பள்ளிக்கரணைக் கோரைக்குள்ளும் நீலத் தாழைக்கோழி தப்பாது.

இவ்வளவையும் பழகி எடுத்த பருந்துப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். நடுவர் ஒருவர் கேமராவின் பெயரைப் பார்த்துவிட்டு, “இப்பொழுதெல்லாம் பெட்டியே எடுத்துவிடுகிறது” என்றார். பரிசு கிடைக்காதது பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெட்டியை அவர் ஒருநாள் கோரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

எந்தக் கேமராவும் கைவிடும் இடங்கள் உண்டு. உடலும் கருப்பு, கண்ணும் கருமை எனும்படியான கரிச்சானில் கண் கட்டம் தலைக்கும் உடலுக்குமாக அலையும். செண்பகத்தின் சிவந்த கண்ணில் உடனே அமரும். கோடியக்கரை உப்பளங்களில் வெயில் ஏறியபின் கானல் அலையும்போது, ஃபோகஸ் சரியாக இருந்தாலும் படம் தெளிவாக வராது.

உங்களிடம் இருப்பது கேனான் டிஎஸ்எல்ஆரும் இஎஃப் 100-400 லென்ஸின் இரண்டாம் பதிப்பும் என்றால், அடாப்டர் வழியாக அந்த லென்ஸ் ஆர்7-இலும் ஆர்6 மார்க் 2-இலும் கண் கண்டறிதலோடு நன்றாகவே வேலை செய்யும். வேறு நிறுவனத்துக்குத் தாவ வேண்டியதில்லை. இரண்டில் பறக்கும் பறவைக்கு ஆர்6 மார்க் 2-ஐயே சொல்வேன். புதிதாகத் தொடங்குபவராக இருந்து, பணமும் இடம் கொடுத்தால் இசட்8-உம் 180-600-உம். சோனி எடுப்பதாக இருந்தால், மற்ற நிறுவன லென்ஸ்களை நொடிக்கு 15 படத்தோடு சோனி நிறுத்திவிடுகிறது என்பதைக் கணக்கில் கொண்டு, லென்ஸையும் சோனியாகவே வாங்குங்கள். எதுவானாலும் வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, வானத்துப் பறவையை விட்டுவிட்டுப் புதருக்குள் இருப்பதில் சோதியுங்கள்.