முடி முளைத்துவிட்டது, இன்னும் எதற்கு மருந்து?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் பினாங்குத் தீவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் 9 மாதமாகச் சிகிச்சை. இப்போது முடி முளைத்துவிட்டது, சைக்கிள் ஓட்டுகிறான். ரத்தத்தில் நோய் தெரியவில்லை என்று டாக்டரே சொல்கிறார். ஆனால் இன்னும் ஒன்றரை வருடம் மாத்திரையாம். “நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் விஷம்? நாட்டு மருந்து பார்ப்போம்” என்கிறார் மாமியார். லீவு போட்டுப் போட்டுக் கணவரும் சலித்துவிட்டார். நிறுத்தினால் என்ன?
– ஒரு தாய், நிபோங் திபால்

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மாமியார் மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளை வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்தபோது அவரும் வாய் திறந்திருக்க மாட்டார். அவன் சைக்கிளில் ஏறியதும்தான் இந்தக் கேள்வி வருகிறது. பல குடும்பங்கள் சிகிச்சையை விடுவது இந்த நல்ல நாட்களில்தான். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு யார் சம்பளத்தை விட்டுவிட்டு வருவார்கள்?

நோய் தெரிய வரும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்று அணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் பெரும்பாலானவை செத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரத்தம் சுத்தமாகத் தெரியும். அப்போதும் 100 கோடி ஒளிந்திருக்கலாம். தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்று மாதக்கணக்கில் கொடுப்பது அந்த மிச்சத்துக்காகத்தான். இடையில் விட்டு நோய் திரும்பினால், இரண்டாம் முறை அடக்குவது இன்னும் கடினம்.

1947-48-இல் பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினார்கள், எழுந்து விளையாடினார்கள். சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. தேறுவது வேறு, குணமாவது வேறு என்று வைத்தியர்கள் படித்த பாடம் அது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். உங்கள் மகனின் மெத்தோட்ரெக்ஸேட் அதற்குத் தம்பி மாதிரி. வெள்ளைக்காரன் விஷம் என்று மாமியார் சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நாட்டு மருந்து விஷயத்தில் ஒன்று. ஒளித்துக் கொடுக்க மட்டும் விடாதீர்கள். இந்த மாத்திரைகளே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. கூட என்ன சேர்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்க வேண்டுதல் வைத்திருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும்போது கத்திக் கீறலும் தைப்பூசக் கூட்டமும் வேண்டாம். முருகன் ஒன்றரை வருடம் காத்திருப்பார்.

சரி, பணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுக் காசு பெரிதல்ல; போய்வரும் செலவும் போன ஓவர்டைமும்தான் குடும்பத்தை முறிக்கிறது. வார்டில் சமூகநல அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றத்திடம் உதவிக்கு எழுத வழி சொல்வார்.

இன்னொன்று. ‘விட்டுவிடுவோம்’ என்று உட்கார்ந்து முடிவெடுத்து விடுபவர்கள் குறைவு. ஒரு தேதி மழையில் போகும், அடுத்தது கார் கிடைக்காமல் போகும், பிறகு நர்ஸ் திட்டுவாரோ என்ற வெட்கத்திலேயே இன்னும் இரண்டு போகும். தொடர்ந்து 4 வாரம் விட்டால் மருத்துவர்கள் அதைக் கைவிட்டதாகவே கணக்கில் எடுப்பார்கள்.

அடுத்த தேதிக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். “ரத்தம் சுத்தம்தானே, அப்புறம் எதற்கு?” என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும். அன்று கார் இல்லையென்றால் முந்தின நாளே வார்டுக்குப் போன் போட்டு வேறு தேதி வாங்குங்கள். திட்டினால் திட்டட்டும்.