பொய்லர் எத்தனை செக்கனில் நிற்கிறது? கேள்வி பதில்

லண்டனில் 19 வருடம், தண்ணீரைச் சுடவைத்து வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லர் திருத்தினேன். இப்போது கோண்டாவிலில் வாழைக்குத் தண்ணீர் மாறுகிறேன். அங்கே குளிர் தொடங்கினால் இங்கே என் படலையைத் தட்டுகிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

மகள் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறாள். பொய்லர் பற்றுகிறதாம், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதாம். ஏன் ஐயா?

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு, அக்கா? விஷயமே அதில்தான் இருக்கிறது. மகளைச் செக்கன் எண்ணச் சொல்லுங்கோ.

ஐந்தாறு செக்கனில் அணைந்தால், பொய்லருக்குத் தன் நெருப்புத் தெரியவில்லை. சுவாலைக்குள் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பின் ஊடாக அதில் மிக மிகச் சின்ன மின்னோட்டம் ஓடும், மைக்ரோ அம்பியர் கணக்கில். அது வந்தால்தான் காஸ் வால்வு திறந்தபடி இருக்கும். கம்பியில் படிவு ஏறிவிட்டால், நெருப்பு நன்றாக எரிந்தாலும் 'இல்லை' என்று முடிவெடுத்து மூடிவிடும். இந்தக் கம்பியைத் துடைத்தால் சரியாகியிருக்கும் வேலைக்கு, சர்க்கிட் போர்ட்டையே மாற்றிக் காசு கட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று நிமிடம் எரிந்து, கேத்தில் கொதிக்கிற மாதிரி இரைந்து நின்றால் கதை வேறு. சூட்டை எடுத்துப் போகத் தண்ணீர் ஓடவில்லை. பம்ப் இறுகியிருக்கலாம், அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்குள் துருச்சேறு அடைத்திருக்கலாம்.

பற்றவே மறுத்தால் அமுக்கமானியைப் பார்க்கட்டும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்டவேண்டும். மற்றது, வீடு வேண்டிய சூட்டுக்கு வந்தபின் நிற்பது வருத்தமில்லை. அது அதன் வேலை.

பனி உறையும் காலையில் மட்டும் நிற்கிறது, உள்ளே களகளவென்று சத்தம் (மருமகன் லண்டனில்).

கழிவுநீர்க் குழாய் உறைந்துவிட்டது. புது வகைப் பொய்லர் புகையிலுள்ள நீராவியையும் தண்ணீராக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் வெளியே விடும். சுவருக்கு வெளியே அது உறைந்தால் தண்ணீர் திரும்பி ஏறும், பொய்லர் பூட்டிக்கொள்ளும். 2010 டிசம்பர் குளிரில் ஒரே நாளில் பதினொரு வீடு போனேன், பத்தில் இதுதான். வெளிக்குழாயில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். பிறகு 32 மில்லிமீற்றர்க் குழாய் போட்டு உறை சுற்றச் சொல்லுங்கோ.

ரீசெட் பட்டனை அழுத்தினால் வேலை செய்கிறதே?

ஒரு தரம் அழுத்தலாம். திரும்ப நின்றால் ஆளைக் கூப்பிடவேண்டும். பூட்டிக்கொள்வது உங்களைக் காப்பாற்றத்தான்.

கிழமைக்கு ஒருதரம் அமுக்கம் ஏற்றுகிறோம். பரவாயில்லையா?

இல்லை. அது மூடிய சுற்று, தண்ணீர் குறையக்கூடாது. எங்கோ ஒழுகுகிறது, அல்லது சூட்டில் தண்ணீர் விரிய இடம் கொடுக்கும் விரிவுத் தாங்கியில் காற்றுப் போய்விட்டது.

மூடியைக் கழற்றி மகனே பார்க்கலாமா?

வேண்டாம். அந்த நாட்டில் காஸ் வேலை செய்பவர்களுக்கான 'காஸ் சேஃப்' பதிவுள்ளவர் மட்டுமே கை வைக்கலாம், சட்டம்.

என் மகனின் பொய்லரும் நிற்கிறது, காரணம் என்ன?

எத்தனை செக்கனில்? முதல் பதிலை வாசியுங்கோ.

நல்லூரடியில் விடுதி நடத்துகிறேன். குளியலறைக் காஸ் ஹீற்றர் சரியாக 20 நிமிடத்தில் நிற்கிறது. திருவிழா 25 நாளும் இதே கரைச்சல்.

பழுதில்லை, தங்கச்சி. இந்தச் சின்ன ஹீற்றர்கள் பலவற்றில் 20 நிமிடக் கட்டுப்பாடு உண்டு. இடையில் நின்றால் பற்றரியை மாற்றுங்கோ. பிறகு தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழுவுங்கோ. நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அடைக்கும், ஓட்டம் குறைந்தால் அது அணையும்.

அதைவிட, ஏன் குளியலறைக்குள்?

யன்னல் இருக்கிறது ஐயா. நானும் இந்த ஹீற்றர் பூட்டுகிற தொழில் செய்கிறவன்தான், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காஸ் என்றால் மணக்குமே!

தம்பி, மணப்பது எரியாத காஸ். அதற்கு மணத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். காற்றுப் போதாமல் எரிந்தால் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை இடிக்கும், குளித்த களை என்று நினைப்பார்கள், பிறகு எழும்பமாட்டார்கள். அந்த 20 நிமிடம் எதற்கு வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மழைக்குளிரில் யன்னலைத் திறந்து வைத்துக் குளிப்பவர் யார், சொல்லுங்கோ.

வெளியே பூட்டினால் சோளகக் காற்றில் அணைந்து போகிறதே?

இது நியாயமான கேள்வி. வெளியில் பூட்டும் வகையாகப் பார்த்து வாங்கி, சோளகம் நேரே அடிக்காத சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே மாட்டுங்கோ. சுற்றிவர அடைக்கவேண்டாம். அணைந்து போவது கரைச்சல்தான், ஆனால் அது கரைச்சலோடு போய்விடும்.

யன்னலைப் பெரிதாக்கினால்?

தம்பி, போதும். வெளியே பூட்டுங்கோ.

ஐயா, ஈஸ்ட்ஹாம் மகள் எண்ணிவிட்டாள். மூன்று தரமும் 6 செக்கன்.

அப்போ கம்பிதான், அக்கா. பதிவுள்ள ஆள் வரும்போது, போர்ட்டைப் பற்றிப் பேச முதல் அந்தக் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கோ. மூன்று தரம் ரீசெட் அழுத்தியதற்கு என் ஏச்சையும் சொல்லிவிடுங்கோ.