வாழைமட்டைக் கரியில கரண்டைப் பிடிச்சு வைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, களக்காடு பக்கம் நமக்கு ஏத்தன் வாழை. குலை வெட்டினதும் மரத்தைச் சாய்ச்சு வரப்போரமா அழுக விடுதோம். காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிற எம்மவ, இதைக் கரியாக்கி கரண்ட் சேமிக்கிற சூப்பர் கெப்பாசிட்டர் செய்யலாம்னு சொல்லுதா. அடுப்புக்கரியில இல்லாத அப்படி என்ன அதுல இருக்கு? நாமளே மூட்டம் போட்டுச் செஞ்சிரலாமா?
- ஒரு வாழை விவசாயி, களக்காடு

பதில்: உங்க மவ சொல்லுதது சரிதான் அண்ணாச்சி, சந்தோசமா இருக்கு. சங்கதி எல்லாம் துளையிலதான். அடுப்புக்கரியிலயும் துளை உண்டு, ஆனா கம்மி, பாதி அடைஞ்சும் கெடக்கும். லேப்ல என்ன செய்வாங்கன்னா, காஞ்ச மட்டையைக் காத்துப் படாம 500, 600 டிகிரியில கரியாக்கி, அதுகூட பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கிற காரத்தைக் கலந்து நைட்ரஜன் ஓடுற ஃபர்னஸ்ல மறுபடியும் 700, 800 டிகிரிக்கு ஏத்துவாங்க, அந்தக் காரம் கரியைக் கரையான் மாதிரி அரிச்சு உள்ளெல்லாம் துளையாக்கிரும், பெறவு ஆசிட்லயும் தண்ணியிலயும் நல்லா அலசி எடுப்பாங்க. நல்லா வந்த கரியில ஒரு கிராமுக்குள்ள இருக்க சுவரையெல்லாம் விரிச்சா 2,000 சதுர மீட்டர்கூட வரும், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 50 சென்ட் வயல்! சார்ஜ் ஏத்தையில, கரியைச் சுத்தி இருக்க கரைசல்ல உள்ள அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள துகள், அந்தச் சுவர்லதான் போய் ஒட்டிக்கிடும். பேட்டரி மாதிரி ரசாயன மாற்றம் நடக்காததால சில நொடியில சார்ஜ் ஏறும், லட்சக்கணக்கான தடவை ஏத்தி இறக்கலாம். ஆனா கிலோவுக்கு 5, 10 வாட்-மணி (சேமிக்கிற சக்தியோட அளவு) தான் பிடிக்கும், லித்தியம் பேட்டரி 150க்கு மேல பிடிக்கும், அதனால வீட்டு இன்வெர்ட்டருக்கு இது ஆவாது, பஸ்ஸு பிரேக் போடையில வீணாப் போற சக்தியைச் சட்டுனு பிடிச்சு கிளம்பையில திருப்பிக் குடுக்க இதை விட்டா ஆளில்ல.

வாழையில பொட்டாசியம் தன்னாலயே நிறைய இருக்கு, துளை போடுற வேலைக்கு அதுவும் கொஞ்சம் கை குடுக்கும். கஷ்டம் என்னன்னா பச்சை மரத்துல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, 100 கிலோவைக் காய வச்சா 10 கிலோ தேறாது, கரியாக்கினா இன்னும் சுருங்கிரும். ரைஸ்மில் உமியிலயும் செய்யலாம், ஆனா அதுல சிலிக்கா (மணல்ல இருக்க பொருள்) ஜாஸ்தி, அதைக் காரத்துல கரைச்சு வெளியேத்தணும். எனக்குக் கேட்டா தேங்காச் சிரட்டைதான் முதல்ல, சாம்பல் கம்மி, கரியும் கட்டியா வரும், கடையில விக்கிற சூப்பர் கெப்பாசிட்டர்லயே சிரட்டைக்கரி இருக்கு.

மூட்டம் மட்டும் போட்டுராதீங்க, கெஞ்சிக் கேக்கேன். அந்தக் காரம் தோலையும் கண்ணையும் தின்னுரும், அந்தச் சூட்டுல பொட்டாசியம் உலோகமாப் பிரிஞ்சு ஈரம் பட்டா தீப்பிடிக்கும். நீங்க மட்டையை உரிச்சு, மண் ஒட்டாம, வெயில்ல சருகாக் காய வச்சு ரெண்டு கிலோ சாக்குல கட்டிக் குடுங்க. மவ அவ காலேஜ் புரொஃபசர்கிட்ட கேக்கட்டும், அங்க ஃபர்னஸ் இல்லேன்னா அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல விசாரிக்கச் சொல்லுங்க.